தராசில் ஏற்றப்படும் குழந்தைகள்

கொஞ்ச நாளைக்கு முன்னால் டீக்கடையில் வைத்துத் தோழர் ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். "நீட்ட எதிர்த்து ஊர்வலம் போற. அஞ்சாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வுன்னப்ப தெருவுல நின்னு கத்தின. சனி, ஞாயிறு ஆனா அதே புள்ளைங்கள உக்கார வச்சு வட்டத்தைக் கருப்பாக்கச் சொல்லிக் குடுக்குற. இதுல எதுய்யா நீ?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை. அதற்கான பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. எங்கள் காலனியில் ஒரு அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு டியூப்லைட், ஒரு கரும்பலகை. வாரநாட்களில் சாயங்காலம் மூன்றாவது, நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது, கழித்தல், வாய்ப்பாடு. சனி ஞாயிறு ஏழாவதும் எட்டாவதும். அவர்களுக்கு நாங்கள் நடத்துவது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்கான பயிற்சி. பிள்ளைகள் வாயில் அது வெறும் 'என்.எம்.எம்.எஸ்.'தான்.

இந்தத் தேர்வு 2008-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. எட்டாவதில் எழுத வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடங்களுக்கு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிஷம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. இந்தியா முழுக்க ஒரு லட்சம் பேருக்கு. தமிழ்நாட்டின் பங்கு 6,695.

இந்தப் பணம் பெரிசா என்று கேட்கிறவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஒன்பதாவதோடு பொண்ணைத் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு அனுப்பிடலாமா என்று ராத்திரி பேச்சு நடக்கிற வீட்டில், மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அம்மாக்காரி கையில் கிடைக்கிற ஒரு வாதம். 'அது படிக்கிறதுக்கு கவர்மெண்டே காசு குடுக்குதுய்யா' என்று அவள் புருஷனிடம் சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் சனிக்கிழமை தூக்கத்தை விட்டேன்.

*

பயிற்சி என்றால் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'திறமை' என்ற சொல்லின் சாயம் வெளுப்பதை நான் பார்த்தது இங்கேதான்.

முதல் வருஷம் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தேன். தாளைத் திருத்தப் பார்த்தால் பாதிப் பேர் இருபது, முப்பது கேள்விகளை அப்படியே விட்டிருந்தார்கள். இந்தத் தேர்வில் தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் கருப்பாக்கினாலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஏன்டா விட்டீங்க என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: "தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதுனா அது பொய்தான மாமா?"

நான் என்ன சொல்ல முடியும்? டவுன் பள்ளியில் அப்பா அம்மா இரண்டு பேரும் உத்தியோகம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சூட்சுமம் மூன்றாவது படிக்கும்போதே தெரியும். சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டது அது. எங்கள் பையன் நேர்மையாக இருந்த குற்றத்துக்காக முப்பது கேள்வியை இழக்கிறான். தேர்வு அந்த நேர்மையை அளக்காது. அவனுக்கு அறிவு கம்மி என்றுதான் தாள் சொல்லும். அன்றைக்கு அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது: "பொய் சொல்றது மனுஷன்கிட்டதான் தப்பு. இது மெஷின். ஒண்ணையும் விடாத."

கடிகாரக் கணக்கு இன்னொன்று. மூன்றேகால் மணிக்கு இரண்டு முள்ளுக்கும் நடுவே எவ்வளவு கோணம் என்பதுபோலக் கேட்பார்கள். எங்கள் வீடுகளில் முள் வைத்த கடிகாரம் இல்லை. செல்போனில் எண்தான் வரும். பிள்ளைகளுக்கு முள்ளே தெரியாதபோது கோணம் எங்கிருந்து வரும்? பழைய கடையில் 60 ரூபாய்க்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினேன். இரண்டு வாரத்தில் அத்தனை பேரும் போடுகிறார்கள். மூளை வளர இரண்டு வாரம் போதாது. குறைந்திருந்தது ஒரு கடிகாரம்.

அதே சமயம் உறவுமுறைக் கணக்கு என்றால் எங்கள் பிள்ளைகளை யாரும் அசைக்க முடியாது. அப்பாவின் தங்கச்சி புருஷன், அம்மாவின் தம்பி மகள் என்று எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நொடியில் விடை வரும். அத்தை, சித்தி, மாமன், சித்தப்பன் எல்லாம் ஒரே தெருவில் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கும்போது அது எப்படித் தெரியாமல் போகும்? வழிகாட்டி நூல் அதைக் கடினமான பகுதி என்று போட்டிருக்கிறது. யாருக்குக் கடினம்?

இன்னொன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன். பொருந்தாததைக் கண்டுபிடி என்று கேள்வி: வீணை, வயலின், தம்புரா, பறை. ஒரு பெண் பிள்ளை பறையைக் கருப்பாக்கியிருந்தாள். சரியான விடை. எப்படிக் கண்டுபிடிச்ச என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். "பறை நம்மளுது. மத்த மூணும் அவங்களுது" என்றாள். மற்ற மூன்றும் நரம்பு வாத்தியம், பறை தோல் வாத்தியம் என்பது வழிகாட்டி நூலின் விளக்கம். அவள் வீணையையும் தம்புராவையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மார்க் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு வயதில் அவள் எதைக் கற்று முடித்திருக்கிறாள் என்பது அந்தக் கருப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. எந்த மெஷினும் அதைப் படிக்காது.

பறையைக் கீழே போட வேண்டும் என்றும், இல்லை எடுத்து ஓங்கி அடிக்க வேண்டும் என்றும் நம் பத்திரிகைகளில் எத்தனையோ விவாதம் நடந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்த விவாதமெல்லாம் கைகொடுக்கவில்லை. பலகையில் புதுக் கேள்வி ஒன்று எழுதினேன்: பறை, தவில், உடுக்கை, வீணை. பொருந்தாதது எது? அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இப்ப வீணை மாமா!"

*

என் கதையும் இதுதான். வங்கி எழுத்தர் வேலைக்கு நான் தேர்வு எழுதும்போது முதல்நிலையில் 100 கேள்வி, 60 நிமிஷம். தப்புக்குக் கால் மார்க் போகும். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். 2021-இல் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் எழுத்தர் தேர்வு நடக்கும் என்று அறிவித்தார்கள். நான் தமிழ் இலக்கியம் படித்தவன். முதல் முறை எழுதியதில் முதல்நிலையே தாண்டவில்லை. ஒரு வருஷம் பயிற்சி மையத்துக்குப் போனேன். அம்மா கம்மலை அடகு வைத்தது. அதே தேர்வு, அதே ஆள், மறுவருஷம் பாஸ். அந்த ஒரு வருஷத்தில் என் அறிவு இரண்டு மடங்கானதா? எந்தக் கேள்வியைத் தொடக் கூடாது, எதை எத்தனை விநாடியில் முடிக்க வேண்டும் என்று கை பழகியது. அவ்வளவுதான். இந்தப் பழக்கத்துக்குத்தான் 'மெரிட்' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு அதிகாரி, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தே, 'கோட்டாவுல வர்றவங்களுக்குக் கணக்கு மெதுவாத்தான் வரும்' என்று இன்னொருவரிடம் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் கல்லாவில்தான் கணக்கு உதைத்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

மார்க்கை வைத்து மனிதனை அளப்பவர்களுக்கு நம்மிடம் ஒரு பதில் உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். எடுத்த மார்க் 750-க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டு கூட இல்லை. வகுப்பில் கோணிச் சாக்கை விரித்துத் தனியாக உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயைத் தொட முடியாமல், பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்து படித்த ஒரு பிள்ளையின் மார்க் அது. என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் போட ஏழாவதில் பட்டியல் சாதிப் பிள்ளைக்கே 50 சதவீதம் வேண்டும். இந்த அளவுகோலை 282-க்கு வைத்தால் அவரை விண்ணப்பம் போடவே விடமாட்டார்கள். எட்டு வருஷம் கழித்து 1915-இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். எந்தத் தேர்வு அவரைச் சரியாக அளந்தது?

'மனத்திறன்' தேர்வு என்ற பொருளின் வரலாறும் யோக்கியமானது இல்லை. 1905-இல் பாரிஸில் பினே என்பவர் முதல் சோதனையைச் செய்தபோது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அது அமெரிக்காவுக்குப் போனதும் யாருக்கு மூளை பரம்பரையாகவே மட்டம் என்று நிரூபிக்கிற கருவியானது. பிரிகாம் என்ற பேராசிரியர் 1923-இல் ராணுவத் தேர்வு மார்க்கை வைத்து வடஐரோப்பிய இனம் உசத்தி, கறுப்பர் மட்டம் என்று புத்தகமே போட்டார். 1926-இல் வந்த எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை வடிவமைத்தவரும் அவரே. 1930-இல் அந்த முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மனு சொன்னதை இவர்கள் புள்ளிவிவரத்தில் சொன்னார்கள். இவராவது ஏழு வருஷத்தில் வாபஸ் வாங்கினார்.

*

ஆகவே தேர்வு வேண்டாமா? இங்கேதான் தோழர்களோடு நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். தராசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டில் யாரை ஏற்றுகிறாய் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. நம் காலனிப் பள்ளிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒன்றாவது முதல் அஞ்சாவது வரை ஐந்து வகுப்பு, ஆசிரியர் இரண்டு பேர். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம் என்றால் இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்துப் பத்து மணி நேரம். அதை ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு இரண்டு மணி. மிச்சம் மூன்று மணி நேரம் அந்த வகுப்பு தானே எழுதிக்கொண்டு, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும். இது இரண்டு பேரும் தினமும் வருகிற நல்ல நாளின் கணக்கு. பயிற்சிக் கூட்டம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஒருவர் போய்விட்டால் ஒரு மணி. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிற பள்ளிப் பிள்ளை ஐந்து வருஷத்தில் ஐந்து வருஷப் பாடம் படிக்கிறது. எங்கள் பிள்ளை ஐந்து வருஷத்தில் படிப்பது இரண்டு வருஷப் பாடம். இது சட்டம் அனுமதித்த ஏற்றத்தாழ்வு.

பிறகு இரண்டு பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால் அதற்குச் சமத்துவம் என்று பெயர்!

2019 செப்டம்பர் 13-ஆம் தேதி தமிழக அரசு ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. அந்த வருஷத் தொடக்கத்தில் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்திக் கதவைத் திறந்துவிட்டதன் விளைவு அது. மூன்று வருஷத்துக்கு யாரையும் நிறுத்த மாட்டோம் என்று வெல்லத்தைத் தடவினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! எதிர்ப்பு பலமானதும் 2020 பிப்ரவரி 4-இல் வாபஸ் வாங்கினார்கள். அதே 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை மூன்று, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் தேர்வு என்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றி, ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு என்றது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை என்றே சொன்னது. நல்லது. ஆனால் கதவு திறந்துதான் கிடக்கிறது. நாளைக்கு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

ஒரே வகுப்பில் நிறுத்தினால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பவர்கள், நிறுத்தப்பட்ட வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில்லை. என் அத்தையை ஏழாவதில் நிறுத்தினார்கள். அது மறுவருஷம் பள்ளிக்குப் போகவில்லை, களை எடுக்கப் போனது. இன்றைக்கும் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கும்போது, 'நான் ஏழாவது பெயிலு' என்று தானாகவே சொல்லும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐம்பது வருஷமாக அந்தப் பெயிலைச் சுமக்கிறது. பெயில் போட்ட பள்ளிக்கூடம் எதையும் சுமக்கவில்லை.

இதற்கு மாறான தராசும் உண்டு. 2017-லும் 2021-லும் நாடு முழுக்கத் தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. மாதிரிக்குக் கொஞ்சம் பள்ளிகளை எடுத்து, மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதைக் கற்றிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் பாஸ், பெயில் கிடையாது. கேள்வி மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும்தான். தட்டில் ஏறுவது அரசு. இப்படி ஒரு தேர்வை நான் ஏன் எதிர்க்க வேண்டும்? எந்த ஒன்றியத்தில் அஞ்சாவது பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லையோ, அங்கே மூன்றாவது ஆசிரியரைப் போடு என்று கேட்க அது நமக்கு ஆயுதம்.

ஆனால் மார்க்கை ஆசிரியர் தலையில் தொங்கவிட்டால் அதுவும் கெட்டுப்போகும். இங்கிலாந்தில் 1862-இல் தொடங்கி, பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த மானிய முறை ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். கற்பித்தல் நெட்டுரு ஆனது, மெதுவாகப் படிக்கிற பிள்ளை பள்ளிக்கு நஷ்டக் கணக்கு ஆனது. அமெரிக்காவில் 2002-இல் சட்டமான முறையில் மூன்றாவது முதல் எட்டாவது வரை வருஷா வருஷம் தேர்வு, மார்க் ஏறாத பள்ளிக்குத் தண்டனை. அட்லாண்டா நகரத்தில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் ஆசிரியர்களே தப்பு விடையை அழித்துச் சரியான வட்டத்தைக் கருப்பாக்கினார்கள். 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் என்று 2011-இல் விசாரணை அறிக்கை சொன்னது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தாளில் பாஸான பிள்ளைக்குக் கூடுதல் பாடம் எதற்கு? உதவி நின்றது. எழுத்துத் தெரியாத பிள்ளை எழுத்துத் தெரியாமலே மேலே போனது. ஜெயிலுக்குப் போன ஆசிரியர்களை விடவும் அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

*

இவ்வளவும் பேசுகிற நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வகுப்பில் 11 பேர் எழுதினார்கள். இரண்டு பேர் தேறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படிப்பகக் கரும்பலகையில் இரண்டு பேர் பெயரையும் கலர் சாக்பீஸில் பெரிசாக எழுதினேன். மிட்டாய் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். அம்பேத்கர் படத்துக்குக் கீழே இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தினேன். மற்ற ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் இல்லை. தெரியாததை எழுதினால் பொய் என்று சொன்னானே, அந்தப் பையனை வாய்க்கால் மேட்டில் பார்த்தேன். ஏன்டா வரல என்றேன். "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல மாமா. அதான் தெரிஞ்சிடுச்சே" என்றான். யார்டா சொன்னது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சொன்னவன் நான்தான். தேர்வு அவனிடம் ஒரு உதவித்தொகை இல்லை என்று மட்டும்தான் சொன்னது. அந்த முடிவை எங்கள் சுவரில், எங்கள் அம்பேத்கர் படத்துக்குக் கீழே எழுதி, அவனுக்கு மூளை இல்லை என்ற தீர்ப்பாக மாற்றியது என் கை. ஊரும் பள்ளியும் செய்கிற வேலையை நம் இடத்தில் நானே செய்தேன்.

அந்த ஒன்பது பேரைத் திரும்பக் கூட்டி வர எனக்கு நாலு மாதம் ஆனது. ஏழு பேர் வந்தார்கள். அந்தப் பையன் கடைசியாக வந்தான்.

தேறியவர்கள் கதையும் அங்கே முடியவில்லை. அதை நான் வங்கிக் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். உதவித்தொகை பிள்ளையின் கணக்குக்கு நேராக வரும். கணக்கில் ஆதார் சரியாக இணைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் இனிஷியலே இருக்காது. பணம் வராது. வேறொரு ஊர்க் காலனியிலிருந்து ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளைக்கு மூன்று தடவை வந்தது. மூன்று நாள் நடவுக் கூலி போச்சு. மூன்றாவது தடவை நான்தான் கவுண்டரில் இருந்தேன். கூட்டம் அதிகம். தலையைத் தூக்காமலே, 'அடுத்த வாரம் வாம்மா' என்றேன். பாட்டி போகும்போது பேத்தியிடம், 'பாஸ் பண்ணி இன்னா பிரயோசனம்' என்றது காதில் விழுந்தது. எழுந்துபோய்க் கூப்பிட்டேன். இருபது நிமிஷ வேலைதான், முடித்துக் கொடுத்தேன். அந்தக் குரல் காதில் விழாமல் இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று எனக்கே உறுதி இல்லை.

*

இத்தனையும் பார்த்த பிறகு படிப்பகத்தில் சில ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டோம். மற்ற காலனிகளில் சாயங்கால வகுப்பு நடத்துகிற தோழர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தேறியவர் பெயரைச் சுவரில் எழுதுவதில்லை. அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, எழுதிய அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி ஒரு புத்தகம் கொடுக்கிறோம். முடிவு வந்த மறுநாள் வகுப்பு கட்டாயம் உண்டு. அன்றைக்குத் தேர்வைப் பற்றிப் பேச்சில்லை, கதை வாசிப்பு மட்டும். மூன்றாவது, அஞ்சாவது பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைப்பதே இல்லை. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று நாங்களே குறித்து வைத்துக்கொள்வோம், பிள்ளையிடம் மார்க் சொல்ல மாட்டோம். ஏழாவதுக்கு மேல்தான் வட்டம், நேரம், சூட்சுமம் எல்லாம். அதையும் ரகசியம் இல்லாமல் சொல்லிவிடுகிறோம்: "இது பூட்டு. இதைத் திறக்கிற வித்தை இது. திறந்தா காசு வரும். திறக்கலைன்னா பூட்டு மேல கோபப்படு, உன் மேல படாத." எழுதப் போகும் முன்னாலேயே பிள்ளையின் பெயர், இனிஷியல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். வங்கியில் வேலை பார்க்கிற தோழர்கள் இந்த ஒரு உதவியை ஒவ்வொரு காலனிக்கும் செய்ய முடியும்.

இதோடு நிற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் ஆட்கள் உட்கார வேண்டும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட வேண்டும். எங்கள் ஊரில் போட்டோம், எழுதிக்கொள்ள மாட்டேன் என்றார்கள், இரண்டு மணி நேரம் நகராமல் உட்கார்ந்து எழுத வைத்தோம். ஆசிரியர் இன்னும் வரவில்லை. அடுத்த சபையிலும் போடுவோம். சாயங்கால வகுப்பு நடத்துவதால் அரசின் கடமை தீர்ந்துபோகவில்லை. நாங்கள் அடைப்பது அவர்கள் போட்ட ஓட்டையை.

பாபாசாகேப் நமக்கு விட்டுப்போன மூன்று கட்டளையில் முதலாவது 'கற்பி'. பல இடங்களில் அதைக் 'கல்' என்று படித்துக்கொண்டு, நாம் படித்து வேலைக்கு வந்ததோடு கட்டளை நிறைவேறிவிட்டது என்று இருக்கிறோம். வார்த்தை தெளிவாகத்தான் இருக்கிறது.

தோழர், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பத்து வயதுப் பிள்ளையைச் சலிக்கிற சல்லடையை எதிர்த்து நீங்கள் கூட்டம் போட்டால் முதல் வரிசையில் நான் நிற்பேன். அந்தச் சல்லடை இருக்கிற வரைக்கும் சனிக்கிழமை நம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டும் ஒரே வேலை என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், பேசுவோம். வரும்போது பின்னக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. ஏழாவது பிள்ளைகளுக்கு அதை நடத்த ஆள் இல்லை.